உட்கார ஒரு ஸ்டூல், கையில் ஒரு சம்பளச் சீட்டு

(தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்கு முன்னதாக, மாவட்ட வேலைவாய்ப்பு மையம் ஒன்றின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில், வேலை தேடும் இளைஞர்களிடையே நமது துறை சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாத வாசகர்களுக்காக இங்கே தருகிறோம்.)



வர்ற சனிக்கிழமை முகாம். உங்கள்ல பாதிப் பேருக்கு மேல பெயர் பதிவு செஞ்சாச்சுன்னு சொன்னாங்க. அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் உங்களிடம் இருபது கேள்வி கேட்பார். நீங்கள் திருப்பிக் கேட்கப்போவது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: "சம்பளம் எவ்ளோ சார்?"

அதைத் தப்புன்னு சொல்ல வரலைங்க. வீட்டு வாடகையும் தம்பியோட ஃபீஸும் கழுத்தை நெரிக்கும்போது முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ஆனால் ஆறு மாதம் கழித்தும் அந்த வேலையில் நீங்கள் இருப்பீர்களா, இருந்தாலும் மனசோடு இருப்பீர்களா என்பதை அந்தத் தொகை மட்டும் முடிவு செய்யாது. முடிவு செய்கிற மற்ற விஷயங்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

எனக்குக் கொடுத்த தலைப்பு, "மனிதவள நடைமுறைகளும் பணியாளர் ஈடுபாடும்". கேட்டவுடனே எம்.பி.ஏ. தேர்வுத் தாள்ல பதினஞ்சு மார்க் கேள்வி மாதிரி இருக்கு, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. மனிதவளம் என்றால் எச்.ஆர். ஆளை எடுப்பது, சம்பளம் போடுவது, லீவு கொடுப்பது, பதவி உயர்வு, புகார் கேட்பது, இதெல்லாம் எந்த முறையில் நடக்கிறது என்பது நடைமுறை. ஈடுபாடு என்பது, மேலாளர் பார்க்காத நேரத்திலும் அந்த வேலையை நம்ம வேலை என்று நினைத்துச் செய்கிற மனசு. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று எனக்குப் புரியவைத்தது எந்தப் பாடப்புத்தகமும் இல்லை. என் சித்தி.

சித்தி ஒரு பெரிய ஜவுளிக் கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தார். எந்தக் கடை, எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். முதல் மாடி, பட்டுச் சேலைப் பிரிவு. காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வெளியே வருவார். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். மற்ற நேரமெல்லாம் நிற்க வேண்டும். வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லாத மதியம் மூன்று மணிக்கும் நிற்க வேண்டும். சேலை அடுக்கின் ஓரத்தில் சாய்ந்தால்கூட மேலே இருக்கிற கேமராவில் தெரியும். சூப்பர்வைசர் வருவார். மாசக் கடைசியில் சம்பளத்தில் ஐம்பதோ நூறோ குறையும். எதற்குக் குறைந்தது என்று எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

சேலை விஷயத்தில் சித்தி கெட்டிக்காரர். கல்யாணத்துக்கா, வளைகாப்புக்கா, பெண்ணின் நிறம் என்ன, மாமியார் கூட வந்திருக்கிறாரா, எல்லாம் பார்த்து மூன்றாவது சேலையிலேயே பிடித்ததைக் காட்டிவிடுவார். சேர்ந்த புதிதில் அப்படித்தான் இருந்திருக்கிறார். நாலாவது வருஷம் நான் ஒருநாள் அந்தக் கடைக்குப் போனேன். ஒரு அம்மா, "வேற டிசைன் இருக்கா?" என்று கேட்டார். சித்தி, "இவ்வளவுதான் இருக்குங்க" என்றார். பின்னால் மூன்று அலமாரி நிறையச் சேலை இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஏன் சித்தி அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு கிடந்தது. "அந்த அலமாரிக்கு நாலு எட்டு நடக்கணும் கண்ணு" என்றார். அவ்வளவுதான்.

அந்தக் கடையில் ஊழியர்களுக்கு ஊக்கப் பேச்சாளரை எல்லாம் அழைத்து வந்து கூட்டம் நடத்தினார்கள். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் உண்டு. பில் கவுண்டருக்குப் பின்னால் "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்று போர்டு உண்டு. ஒரு ஸ்டூல் மட்டும் இல்லை.

இது ஒரு கடையின் கதை இல்லை என்று உங்களுக்கே தெரியும். 2010-ல் வந்த அங்காடித் தெரு படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்னொரு விஷயம்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்பவருக்கு, இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. கடைகளுக்கான நம் மாநிலச் சட்டம் அதற்கும் ஒரு வருஷம் மூத்தது, 1947. அதில் இருக்கை பற்றி ஒரு வரி இல்லை. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள், விஜி என்பவர் தொடங்கிய பெண்கூட்டு அமைப்பின் மூலம், முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு இருக்கை கேட்டார்கள். பல ஆண்டுகள் கேட்ட பிறகு 2018-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. அடுத்து தமிழ்நாடு. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றத்தில் திருத்தம் கொண்டுவரப்பட்டு, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு கடையிலும் நிறுவனத்திலும் எல்லாப் பணியாளருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும். நாள் முழுக்க நின்றே தீர வேண்டும் என்ற நிலை கூடாது. பிரிவின் சாரம் இதுதான்.

சித்தியின் கதைக்கு இன்னொரு பாதி இருக்கிறது. அதற்கு முன்னால், ஈடுபாடு பற்றி உண்மையிலேயே யோசித்த ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறேன். பயப்படாதீங்க, சீக்கிரம் முடிச்சிடுவேன்.

பாஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கான். 1990-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். இன்றைக்கு எச்.ஆர். துறையில் எல்லோரும் பேசுகிற 'எம்ப்ளாயி எங்கேஜ்மென்ட்' என்ற பேச்சுக்கு அதுதான் வேர். அவர் இரண்டே இடங்களைக் கவனித்தார். ஒன்று, கோடைக்கால முகாமில் சொல்லிக்கொடுக்கிற பணியாளர்கள். இன்னொன்று, கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள். அதே ஆள், அதே வேலை. ஒரு நேரம் தன்னை முழுசாகக் கொடுத்துச் செய்கிறார், இன்னொரு நேரம் உடம்பு மட்டும் அங்கே இருக்கிறது. ஏன் என்று தேடினார். மனிதர் தமக்குத் தெரியாமலே மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறார் என்று கண்டார். நான் செய்வதில் ஏதாவது அர்த்தம் இருக்கா? மனசில் பட்டதைச் சொன்னால் எனக்கு ஆபத்து வராதா? இதைச் செய்ய இப்போ என்னிடம் தெம்பு இருக்கா? அர்த்தம், அச்சமின்மை, தெம்பு. தமிழில் நான் இப்படிச் சுருக்கி வைத்திருக்கிறேன்.

இதில் கவனிக்க வேண்டியது, கான் சொன்னது ஆளோட சுபாவத்தைப் பற்றி அல்ல. 'இவன் சோம்பேறி, அவள் சுறுசுறுப்பு' என்று நாம் சட்டென்று முத்திரை குத்துகிறோமே, அந்தப் பேச்சே அங்கே இல்லை. அதே சித்திதான் மூன்றாவது சேலையில் வியாபாரத்தை முடித்தவர். அதே சித்திதான் அலமாரிக்கு நடக்காதவர். நடுவில் மாறியது கால்.

தெம்பு என்றால் கால் வலி மட்டும் இல்லை. எத்தனை மணி நேரம், எப்போது ஓய்வு என்பதும் அதில்தான் வரும். நம் கடைகள் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். கூடுதல் நேரம் சேர்த்தாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரு மடங்கு சம்பளம். தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவேளை. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு 12 நாள் சம்பளத்துடன் விடுப்பு. அது போக உடம்புக்கு முடியாவிட்டால் 12 நாள் வரை, தற்செயல் விடுப்பு 12 நாள் வரை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி, இவற்றோடு ஐந்து பண்டிகை நாள்கள். அதற்கு 1958-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது.

எண்களைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். "இதெல்லாம் எந்தக் கடையில சார் நடக்குது" என்று கேட்கிறது அந்த முகம். நடக்காத இடம் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் விதி இருப்பது தெரியாமல் வேலைக்குப் போவதற்கும், தெரிந்துகொண்டு போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஒரு லீவு கேட்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனியில் லீவு வேண்டும் என்றால் ஆப்பில் போட்டுவிட்டு, மிச்சம் எத்தனை நாள் என்று அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு கம்பெனியில் மேனேஜர் நல்ல மூடில் இருக்கிறாரா என்று மூன்று பேரிடம் விசாரித்து, சாயங்காலம் டீ நேரத்தில் போய், இல்லாத பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல வேண்டும். (நம்ம ஊரில் எத்தனை பாட்டிகள் இப்படித் திரும்பத் திரும்பச் செத்திருக்கிறார்கள்!) இரண்டு கம்பெனியும் கொடுப்பது அதே 12 நாளாக இருக்கலாம். இரண்டாவது இடத்தில் அந்த ஊழியர் பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறார். மேனேஜர் அவரை நம்பாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறார். லீவு கிடைத்த பிறகும் அந்தக் கசப்பு போகாது.

இரண்டாவது, அச்சமின்மை. இதை எச்.ஆர். மொழியில் பெரிய பெரிய வார்த்தையில் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த எளிய வடிவம் சம்பளச் சீட்டுதான்.

சித்திக்குச் சம்பளத்தில் பிடித்த அந்த ஐம்பது ரூபாய் பெரிய தொகை இல்லை. எதற்குப் பிடித்தார்கள் என்று தெரியாததுதான் பெரிசு. தெரியாதபோது எதற்கு வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்ற பயம் வந்துவிடும். இப்போது சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஊதியத் தொகுப்பின்படி, மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும். அபராதம் என்று பிடித்தால், எந்தெந்தத் தவறுக்கு என்பதை முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும், ஊழியர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், அந்தச் சம்பளக் காலத்தின் ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வேலையை விட்டு நின்றால் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடித்துக் கொடுக்க வேண்டும். நியமனக் கடிதம் எல்லாப் பணியாளருக்கும் கட்டாயம்.

நியமனக் கடிதத்தை ஏதோ சம்பிரதாயம் என்று நினைக்காதீங்க. என்ன பதவி, என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று எழுத்தில் வந்துவிட்டால், அதன்பிறகு நடக்கும் பேச்சே வேறு மாதிரி இருக்கும். 'கணினி இயக்குபவர்' என்று எடுத்து, மூன்றாம் நாள் குடோனில் பெட்டி தூக்கச் சொன்னால், அந்தப் பையன் பெட்டி தூக்குவான். தூக்கிக்கொண்டே அடுத்த வேலை தேடுவான். ஆள் எடுக்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்வது, சனிக்கிழமை இரவு வேலை உண்டு என்றால் உண்டு என்று முதல் நாளே சொல்வது, இதற்கு முதலாளிக்குப் பைசா செலவில்லை. ஆனாலும் அரிதாகவே நடக்கிறது.

பெண்கள் இங்கே நிறையப் பேர் இருக்கீங்க. அச்சமின்மை என்ற சொல்லுக்கு உங்கள் அகராதியில் இன்னொரு பொருளும் உண்டு. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற எந்த இடத்திலும், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். மூத்த பெண் பணியாளர் ஒருவர் தலைமை, உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். 10 பேருக்குக் குறைவான இடம் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். சேர்ந்த முதல் வாரமே அந்தக் குழுவில் யார் யார் என்ற அறிவிப்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்க. ஒட்டியிருந்தால், அந்த நிறுவனத்தைப் பற்றி ஒரு நல்ல விஷயம் தெரிந்துகொண்டீர்கள். குழு இல்லாத இடத்தில் ஒரு பெண் தன் கவனத்தில் பாதியை வேலைக்குக் கொடுக்கிறாள். மீதிப் பாதி, யார் எந்தப் பக்கம் வருகிறார்கள் என்று பார்ப்பதிலேயே போய்விடுகிறது. அவளுக்கு "ஈடுபாடு போதாது" என்று மதிப்பீட்டில் எழுதினால் யார் மேல் தப்பு?

மூன்றாவது, அர்த்தம். இதற்கு அரசுத் துறையிலிருந்தே ஒரு உதாரணம் சொல்றேன். பள்ளிக் கல்வித் துறையில் ஆசிரியர்களுக்கான பொது மாறுதல் கலந்தாய்வு கேள்விப்பட்டிருப்பீங்க. காலியிடப் பட்டியல் வெளிவரும், முன்னுரிமைப் பட்டியல் வெளிவரும், வரிசைப்படி கூப்பிடும்போது ஆசிரியர் இருக்கிற இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியைக்குக் கேட்ட ஊர் கிடைக்கவில்லை. வருத்தமா டீச்சர் என்று கேட்டேன். "வருத்தம்தான். ஆனா அந்த எடம் யாருக்குப் போச்சு, ஏன் போச்சுன்னு எனக்குத் தெரியும்ல" என்றார். மனிதவள நடைமுறை பற்றி நான் கேட்டதிலேயே சிறந்த விளக்கம் அதுதான். கேட்டது கிடைக்காதபோதும் முறை நேர்மையாக இருந்தது என்று தெரிந்தால், மறுநாள் காலையில் வகுப்புக்குள் நுழையும்போது மனசு உடையாமல் நுழையலாம். பதவி உயர்வு, ஊதிய உயர்வு, ஷிப்ட் மாற்றம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இதற்கும் அர்த்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒழுங்காகச் செய்தால் அது கணக்கில் வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தானே செய்வதில் அர்த்தம் இருக்கும்? யார் முதலாளிக்கு நெருக்கம் என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்கிற இடத்தில், நல்லா வேலை செய்கிறவர்தான் முதலில் மனசு விட்டுப்போவார். வேலை தெரியாதவருக்கு அங்கே இழப்பதற்கு எதுவும் இல்லை.

இப்போ சித்தியின் மறுபாதி. ஆறாவது வருஷம் அந்தக் கடையை விட்டுவிட்டு, ஊரிலேயே ஒரு சின்ன ஜவுளிக் கடையில் சேர்ந்தார். மாதம் ஆயிரத்தைந்நூறு குறைவு. வீட்டில் எல்லாரும் திட்டினார்கள். நானும்தான். கடையில் மொத்தம் ஐந்து பேர். எச்.ஆர். என்ற சொல்லே அந்த முதலாளிக்குத் தெரியாது. ஆனால் ஒரு நீளமான நோட்டு வைத்திருக்கிறார். யார் எந்த நாள் லீவு, யார் கூடுதல் நேரம், யாருக்கு முன்பணம் எவ்வளவு, எல்லாம் அதில் எழுதியிருக்கும். ஐந்து பேரும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். கவுண்டருக்குப் பின்னால் மூன்று ஸ்டூல். மதியம் கூட்டம் இல்லாவிட்டால் உட்கார்ந்து ஓரம் அடிப்பார்கள், பேசிக்கொண்டிருப்பார்கள்.

சேர்ந்த நாலாவது மாதம் சித்தி முதலாளியிடம் ஒரு விஷயம் சொன்னார். வயசான அம்மாக்கள் வந்து கஞ்சி போடாத, கனமில்லாத பருத்திச் சேலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு போகிறார்கள், சின்னாளப்பட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் போடலாமா என்று. அவர் ஒரு கட்டு எடுத்துப் போட்டார். அது விற்றது. அடுத்து எடுக்கப் போகும்போது சித்தியையும் கூட அழைத்துப் போனார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்தச் சேலைகளின் நிறங்களைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். பழைய கடையில் இருந்த ஆறு வருஷத்தில் சேலையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

பெரிய கடைக்காரர்கள் எல்லாம் கெட்டவர்கள், சின்னக் கடைக்காரர்கள் எல்லாம் நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை. சின்ன இடங்களில் பி.எஃப். இருக்காது, வாய்மொழியில் எல்லாம் நடக்கும், முதலாளி மாறினால் எல்லாம் மாறும். பெரிய நிறுவனங்களில் முறையான எச்.ஆர். இருப்பதால் ஒழுங்காக நடப்பவையும் எத்தனையோ. சித்தியின் அந்த ஆயிரத்தைந்நூறு இழப்பும் உண்மையான இழப்புதான். இருக்கையும் நோட்டும் பெரிய கடையிலேயே இருந்திருந்தால் அவர் அதை இழந்திருக்க வேண்டியதில்லை, கடையும் மூன்றாவது சேலையில் வியாபாரம் முடிக்கிற ஒரு ஆளை இழந்திருக்காது.

சரி, முகாமுக்கு வருவோம். நேர்முகத்தில் கடைசியாக, "உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். சம்பளம் கேட்ட பிறகு, நிதானமாக இதையும் கேளுங்க. நியமனக் கடிதம் எப்போ கிடைக்கும்? வேலை நேரம் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? வார விடுமுறை எந்த நாள்? பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? சண்டைக்கு நிற்கிற மாதிரி வேண்டாம். புது வீட்டுக்கு வாடகைக்குப் போகிறவர் தண்ணி எந்த நேரம் வரும் என்று கேட்பாரே, அந்த மாதிரி. பதில் என்ன என்பதைவிட, கேட்டதும் அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்க. சிலர் சந்தோஷமாக விளக்குவார்கள். சிலர், "மொதல்ல வேலைக்குச் சேருப்பா, அப்புறம் பாக்கலாம்" என்பார்கள்.

பி.எஃப். பொதுவாக 20 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனங்களுக்குப் பொருந்தும். உங்கள் பங்கு 12 சதவீதம் பிடிப்பார்கள், நிறுவனமும் தன் பங்கைச் செலுத்த வேண்டும். பிடித்தது உண்மையிலேயே கணக்குக்குப் போகிறதா என்று நீங்களே பார்க்கலாம். கைபேசியில் உமங் செயலியை இறக்கிக்கொள்ளுங்க. இ.பி.எஃப்.ஓ. சேவைக்குள் போய், பாஸ்புக் என்பதைத் தொட்டு, உங்கள் 12 இலக்க யு.ஏ.என். எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. வரும். மாதாமாதம் எவ்வளவு வரவு என்பது வரிசையாகத் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுங்க. வேலை மாறினாலும் யு.ஏ.என். எண் அதேதான், புது நிறுவனத்தில் இன்னொரு எண் வாங்கிவிடாதீங்க.

இ.எஸ்.ஐ. 10 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். மருத்துவம் குடும்பத்துக்கும் உண்டு. நோயில் படுத்தால், விதிகளுக்கு உட்பட்டு, சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். காய்ச்சலோடு பில் போட வருகிறவரைப் பார்த்திருப்பீங்க. அவருக்கு இந்த 70 சதவீதம் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கூட்டத்தின் முடிவில் இரண்டு கேள்வி வந்தது. அதையும் இங்கே சேர்க்கிறேன்.

பின் வரிசையிலிருந்து ஒரு தங்கை கேட்டார்: "ஸ்டூல் கேட்டா வேலையே போயிடுமே, அப்ப என்ன பண்றது?" நியாயமான பயம். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணம் இல்லாமல், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்குப் பதில் சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது என்று கடைகள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு சொல்கிறது. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளர்கள் கடைகளை ஆய்வு செய்கிறார்கள். அங்கே நேரில் போய்ப் புகார் கொடுக்கலாம். முதல்வரின் முகவரி உதவி எண் 1100-லும் தெரிவிக்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181. இதையெல்லாம் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னேன்: முதல் மாதத்தில் தனியாகப் போய்க் கேட்காதீங்க. கூட வேலை செய்கிறவர்களோடு பேசி, நாலைந்து பேராகச் சேர்ந்து கேளுங்க. கோழிக்கோட்டுப் பெண்களும் அப்படித்தான் கேட்டார்கள். அந்தத் தங்கைக்கு என் பதில் முழுத் திருப்தி தரவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கும்தான்.

இன்னொருவர் வேலை தேடி வந்தவர் இல்லை, மகனைக் கூட்டிக்கொண்டு வந்தவர். மொபைல் கடை வைத்திருக்கிறார், நாலு பையன்கள் வேலை செய்கிறார்கள். "ஆறு மாசத்துக்கு ஒருத்தன் ஓடிப்போயிடுறான். எனக்கு எச்.ஆர். வைக்கிற அளவுக்கு வசதி இல்லீங்க, நான் என்ன செய்ய?" என்றார். சம்பளம் எந்தத் தேதியில் கொடுப்பீங்க அண்ணா என்று கேட்டேன். "கையில வரும்போதுதான். பத்துக்குள்ள வந்துரும், சில சமயம் பதினஞ்சு ஆகும்" என்றார். ஏழாம் தேதிக்குள் என்று முடிவு செய்து, வங்கிக் கணக்கில் போட்டு, சித்தியின் முதலாளி மாதிரி ஒரு நோட்டுப் போட்டு எழுதி வையுங்க, தீபாவளி வரைக்கும் அப்படிச் செய்து பாருங்க என்றேன். கடையில் உட்கார எத்தனை ஸ்டூல் என்றும் கேட்டேன். "எனக்கு ஒண்ணு இருக்கு" என்றார். ஹாலே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

முகாமுக்கு இன்னும் பதிவு செய்யாதவர்கள் தமிழ்நாடு தனியார் வேலை இணையத்தில், டிஎன் பிரைவேட் ஜாப்ஸ் என்று தேடினாலே வரும், கைபேசியிலேயே பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் கிடையாது. வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீங்க. சான்றிதழ் நகல் மூன்று செட், புகைப்படம், ஆதார் நகல் எடுத்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்கே வந்துவிடுங்க.